வைக்கோல லாரில ஏத்திட்டு மண்ணுக்கு என்னத்தப் போடுறது

மண்ணைப் பரிசோதிச்சுக் குடுக்குற மண்வள அட்டை கைக்கு வந்ததும் நம்ம ஆளுங்க கண்ணு நேரா தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்) இந்த மூணுக்கும்தான் போகும், அடுத்து எத்தனை மூட்டை யூரியா எத்தனை டிஏபின்னு கணக்குப் போட்டுட்டு அட்டையை மடிச்சு சாமி படத்துக்குப் பின்னாடி சொருகிடுவாங்க. அந்த அட்டைல மொத்தம் 12 விசயம் இருக்கும், அதுல ஒரு வரி அங்ககக் கார்பன்னோ ஆர்கானிக் கார்பன்னோ போட்டிருக்கும், அதைப் பத்தி யாரும் வாயைத் தெறக்குறதில்ல. 0.5 சதவீதத்துக்குக் கீழன்னா குறைவு, 0.5ல இருந்து 0.75 வரைக்கும் நடுத்தரம், அதுக்கு மேல போனா நல்லது. காரைக்குடி, பள்ளத்தூர், புதுவயல் சுத்துவட்டாரத்துல எனக்குத் தெரிஞ்சவங்க காட்டுன அட்டை பூராவும் குறைவுதான், அதுலயும் ஒண்ணு ரெண்டு 0.3ஐக் கூடத் தொடல. அந்த ஒரு வரியைப் பத்தித்தான் இன்னைக்கு எழுதப் போறேன், கொஞ்சம் நீளமாப் போகும், பொறுமையாப் படிங்க, ஏன்னா மத்த 11 வரியும் ஒழுங்கா வேலை செய்யணும்னா இந்த வரி சரியா இருக்கணும்.

ஆர்கானிக் கார்பன்னா பெருசா ஒண்ணுமில்ல, செத்த வேரு, உதுந்த இலை, சாணி, புழு பூச்சி, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர் எல்லாம் மக்கி மண்ணோட மண்ணா ஆனதுதான் மக்கு, அந்த மக்குல ஏறக்குறைய 58 சதவீதம் கார்பன். லேப்ல கார்பனைத்தான் அளக்குறாங்க, அதை 1.724ஆல பெருக்குனா மக்கு எவ்வளவுன்னு தோராயமா வரும். அட்டைல 0.3ன்னு இருந்தா மக்கு அரை சதவீதம். நூறு கிலோ மண்ணுல அரைக் கிலோ, அம்புட்டுத்தான்.

செட்டிநாட்டு மண்ணை நெனச்சுப் பாருங்க. செம்மண்ணு, சரளை, கொஞ்சம் தோண்டுனா செம்புறாங்கல்லு. வீடு கட்ட அந்தக் கல்லு நல்ல கல்லு, வெள்ளாமைக்கு அது படுத்துற பாடு இருக்கே. இந்த மண்ணுல இருக்குற களி கெய்யோலினைட்டுங்குற வகை, அதுக்கு சத்தைப் புடிச்சு வச்சுக்குற தெம்பு ரொம்பக் கம்மி. கரிசக்காட்டுக் களி உரத்தைப் போட்டா கெட்டியாப் புடிச்சு வச்சு பயிருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக் குடுக்கும், நம்ம மண்ணு போட்டதை அடுத்த மழைக்கே கீழ விட்டுடும். அதே நேரத்துல இந்தச் செவப்புக்குக் காரணமான இரும்பும் கூடவே அலுமினியமும் மணிச்சத்தை மட்டும் இறுக்கிப் புடிச்சுக்கிட்டு வேருக்குக் குடுக்காது. ஆக தழைச்சத்து ஓடிப்போகுது, மணிச்சத்து மாட்டிக்குது. ரெண்டுக்கும் மருந்து மக்குதான். எடைக்கு எடை பாத்தா கெய்யோலினைட்டை விட மக்கு பல மடங்கு சத்தைப் புடிச்சு வைக்கும், அது மக்கும்போது வர்ற அமிலம் இரும்போட போய் ஒட்டிக்கிட்டு மணிச்சத்தை விடுவிச்சு விடும். அதனாலதான் வேளாண் பல்கலைக்கழகத்துக்காரங்க மானாவாரிக்கு சூப்பர் பாஸ்பேட்டுங்குற மணிச்சத்து உரத்தை நேரா மண்ணுல தூவாதீங்க, ஏக்கருக்கு 300 கிலோ தொழு உரத்தோட கலந்து நெழல்ல ஒரு மாசம் குமிச்சு மூடி வச்சிருந்து போடுங்கன்னு சொல்றாங்க. ஊட்டமேற்றிய தொழு உரம்னு அதுக்குப் பேரு. கரிசக்காட்டுக்காரனை விட நமக்குத்தான் அது அதிகமா வேணும், ஆனா நம்ம பக்கம் செய்றவங்க கொஞ்சப் பேருதான்.

அடுத்தது பொறுக்கு தட்டுறது. புரட்டாசில புழுதியில நெல்லை விதைச்சுட்டு வானத்தைப் பாத்துக்கிட்டு இருப்போம், நல்ல ஒரு மழை அடிக்கும், ரெண்டு நாள் வெயில் காயும், மேல் மண்ணு ஓடு மாதிரி இறுகிப் போயி முளை வெளிய வர முடியாம உள்ளயே சுருண்டுக்கும். விதை சரியில்லன்னு விதைக்காரனைத் திட்டுறவங்களைப் பாத்திருக்கேன். மழைத்துளி வேகமா விழுறப்ப மண்ணுக் கட்டி ஒடைஞ்சு மாவாகுது, அந்த மாவு சந்துபொந்தெல்லாம் அடைச்சு காஞ்சதும் ஓடாகுது, நடக்குறது இதுதான். மண்ணுக் கட்டி ஒடையாம இருக்கணும்னா அதுக்குள்ள ஒரு பசை வேணும், வேருல இருந்து கசியுற பிசினு, பூஞ்சாண நூலு, நுண்ணுயிர் விடுற கோந்து இதெல்லாந்தான் அந்தப் பசை. மக்கு இல்லன்னா இதுங்களுக்குத் தீனி இல்ல, தீனி இல்லன்னா பசையும் இல்ல.

இதை வீட்டுலயே பாக்கலாம், பத்து நிமிசம் போதும். ரெண்டு கண்ணாடி டம்ளர்ல தண்ணி ஊத்திக்கங்க. மண்ணைப் பொடியாக்குற ரோட்டவேட்டரை வருசா வருசம் ஓட்டுற வயல்ல ஒரு காஞ்ச கட்டி, பக்கத்துலயே புல்லு மண்டிக் கெடக்குற வரப்புல ஒரு காஞ்ச கட்டி, ரெண்டும் கோலிக்குண்டு அளவு. மெதுவா டம்ளர்ல விடுங்க. எங்க வயல்ல எடுத்தது போட்ட ஒடனே புசுபுசுன்னு குமிழி விட்டு டீல முக்குன பிஸ்கட் மாதிரி பொலபொலன்னு விழுந்து அடியில செவப்புச் சேறாப் படிஞ்சு தண்ணியும் கலங்கிப்போச்சு. வரப்பு மண்ணு ஓரத்துல லேசா உதுந்துச்சு, மத்தபடி போட்ட வடிவத்துலயே ஒக்காந்திருந்துச்சு, தண்ணி தெளிவா இருந்துச்சு, கிட்ட வச்சுப் பாத்தா மயிரு மாதிரி மெல்லிசா வேரு அந்தக் கட்டியைக் குறுக்கும் நெடுக்கும் தச்சு வச்சிருந்தது தெரிஞ்சுச்சு. ரெண்டும் ஒரே செம்மண்ணு, நடுவுல ரெண்டடிதான் தூரம். வித்தியாசம் என்னன்னா ஒண்ணை யாரும் உழுகல, அதுல வெளையுற புல்லு அங்கயே சாயுது அங்கயே மக்குது.

தண்ணியைப் பத்தி ஒண்ணு சொல்லியாகணும். வாட்சப்ல ஒரு மெசேஜ் சுத்துது, மக்கு 1 சதவீதம் ஏத்துனா ஏக்கருக்கு லட்சம் லிட்டர் தண்ணி கூட நிக்கும்னு. அது சரியில்ல. 2018ல மினாஸ்னி, மெக்பிராட்னின்னு ரெண்டு விஞ்ஞானிங்க ஒலகம் பூரா நடந்த ஆய்வுகளையெல்லாம் சேத்துப் பாத்து எழுதுனாங்க, கார்பன் 1 சதவீதம் கூடுனா பயிர் எடுத்துக்குற மாதிரி நிக்குற தண்ணி 100 மில்லிமீட்டர் மண்ணுக்கு சராசரியா 1.16 மில்லிமீட்டர்தான் கூடுதுன்னு. அரையடி ஆழத்துக்கு ஏக்கர் கணக்குப் போட்டா சுமார் 7,000 லிட்டர் வருது. மணல்சாரி மண்ணுல இதை விடக் கூடவே கெடைக்கும், ஆனாலும் லட்சத்துக்கெல்லாம் பக்கத்துல கூட வராது. அதனால மக்கு தண்ணிக்கு உதவாதுன்னு நெனச்சுக்காதீங்க. நம்ம ஊருல ஐப்பசி கார்த்திகைல கொட்டுற மழை வயலுக்குள்ள எறங்குதா, இல்ல செவப்பா கலங்கி ஓடைக்கு ஓடுதாங்குறதுதான் பெரிய விசயம், மேல ஓடு கட்டாத மண்ணுலதான் மழை உள்ள எறங்கும். ஒரு அடைமழையில ஓடிப்போறதுல பாதியை உள்ள எறக்குனாலே அந்த 7,000 லிட்டரை விட எத்தனையோ மடங்கு. நல்ல விசயத்தைச் சொல்றதுக்குப் பொய்க்கணக்கு எதுக்கு, நாளைக்கு ஒருத்தன் அளந்து பாத்துட்டு எல்லாமே பொய்யின்னுடுவான்.

இப்ப கசப்பான கணக்குக்கு வருவோம். ஒரு ஏக்கர்ல அரையடி மண்ணு சுமார் 9 லட்சம் கிலோ. கார்பனை 0.3ல இருந்து 0.5க்கு ஏத்தணும்னா 1,800 கிலோ கார்பன் கூடுதலா நிக்கணும். ஏக்கருக்கு 5 டன் தொழு உரம் அடிக்கச் சொல்றாங்க, அதுல பாதி ஈரம், மிச்சத்துல கார்பன் தோராயமா 700 கிலோ. நம்ம வெயிலுக்கு ஒரு வருசத்துல அதுல முக்கால்வாசி காத்தோட போயிடும், கால்வாசி நின்னா பெருசு. ஏற்கனவே மண்ணுல இருக்குற மக்கும் வருசா வருசம் கொஞ்சம் கரையும். ஆக, ஒரு வருசம் விடாம 5 டன் அடிச்சாலும் அந்த 0.5ஐத் தொட பத்து வருசத்துக்கு மேல ஆகும். குளிர் நாட்டுல மக்கு சீக்கிரம் சேரும், நமக்கு சூடு கூடக் கூட நுண்ணுயிர் வேகமாத் தின்னு தீத்துடும். ஒரே வருசத்துல மண்ணை மாத்திக் காட்டுறேன்னு பாட்டில்ல ஹியூமிக் அமிலம் விக்க வர்றவங்க கிட்ட இந்தக் கணக்கைக் கேளுங்க, ஒரு லிட்டர் பாட்டில்ல எத்தனை கிராம் கார்பன் இருக்கு, அதை 9 லட்சம் கிலோ மண்ணுல கலந்தா என்ன ஆகும்னு.

ஆனா போட்டது வீணாப் போகாதுங்குறதுக்கும் சாட்சி இருக்கு. இங்கிலாந்துல ரோதம்ஸ்டெட்னு ஒரு ஆராய்ச்சி நிலையம், அங்க ஹூஸ்ஃபீல்டுங்குற வயல்ல ஒரு துண்டுக்கு 1852ல இருந்து 1871 வரைக்கும் மட்டும் வருசா வருசம் தொழு உரம் போட்டு நிறுத்திட்டாங்க. நூறு வருசம் தாண்டி அளந்தப்பவும் ஒண்ணுமே போடாத பக்கத்துத் துண்டை விட அந்தத் துண்டுல மக்கு கூடவே இருந்துச்சு. அது குளிர் நாடு, சரி. கோயம்புத்தூர்லயே 1909ல ஆரம்பிச்ச நிரந்தர உரப் பரிசோதனை வயல் இருக்கு, நம்ம வெயிலு நம்ம மழை. இந்தியா முழுக்க இப்படி நடக்குற நீண்டகாலப் பரிசோதனைகள்ல திரும்பத் திரும்பத் தெரியவர்றது, ரசாயன உரமும் தொழு உரமும் சேத்துப் போட்ட துண்டுலதான் மக்கு அதிகம், ஒண்ணுமே போடாத துண்டுலதான் ரொம்பக் கம்மி. சரியான அளவுல ரசாயன உரம் மட்டும் போட்ட துண்டு நடுவுல நிக்குது, ஏன்னா பயிர் நல்லா வளந்தா வேரும் அதிகம், தாளும் அதிகம். யூரியாதான் மண்ணைக் கொன்னுடுச்சுன்னு சொல்றவங்க கூட எனக்குப் பாதிதான் ஒத்துப்போகும். வெளைஞ்சதைப் பூரா வெளிய அனுப்பிட்டு யூரியா மூட்டையை மட்டும் உள்ள கொண்டு வந்தா எந்த மண்ணும் தாங்காது.

இதுதான் எனக்குப் பெரிய ஆதங்கம். முன்னாடி தை மாசம் அறுத்தா வைக்கோல் களத்துல படப்பாகும், மாடு தின்னும், சாணி குப்பைக்குழிக்குப் போகும், சித்திரை வைகாசில வண்டி வண்டியா வயலுக்குப் போகும். எங்க அப்பத்தா அடுப்புச் சாம்பல், மாட்டுத் தொழுவத்துக் கூளம், காய்கறித் தோலு எதையும் வெளிய கொட்ட விடாது, எல்லாம் குழிக்குத்தான். இப்ப அறுவடை மிஷின் வருது, பின்னாடியே வைக்கோல் கட்டுற மிஷின் வருது, கட்டு கட்டா லாரில ஏறிப் போயிடுது. போன அறுப்புல எங்க சித்தப்பு கிட்ட சொன்னேன், "கட்டெல்லாம் குடுத்துடாதீக சித்தப்பு, பாதியாவது வயல்ல கெடக்கட்டும்"னு. அவரு, "மாடு இல்லாத வீட்டுல வைக்கோல வச்சு என்ன பண்ணச் சொல்றப்பு, கட்டுக்குக் காசு தர்றான், மிஷின் வாடகைக்காவது ஆகும்ல"ன்னாரு. அவரு சொல்றது நியாயந்தான், கையில காசு வேணும். ஆனா அந்தக் கட்டுல என்ன போகுதுன்னும் பாக்கணும். ஒரு டன் வைக்கோல்ல பொட்டாசியம் மட்டும் சுமார் 15 கிலோ, தழைச்சத்து 5ல இருந்து 8 கிலோ, கார்பன் 400 கிலோ. நெல்லு மண்ணுல இருந்து எடுத்த பொட்டாசியத்துல பெரும்பகுதி மணியில போகல, தாளுலதான் நிக்குது. அதை வித்துட்டு அடுத்த போகத்துக்கு கடையில பொட்டாஷ் வாங்குறோம். பொட்டாஷாவது மூட்டையில கெடைக்குது, அந்த 400 கிலோ கார்பனை எந்தக் கடையில வாங்குறது? கணக்குப் போட்டுக் காட்டுனதுக்கப்புறம் சித்தப்பு மேலக்காட்டு வைக்கோல விட்டு வச்சாரு, கீழ வயலைக் குடுத்துட்டாரு. சந்தோசம், ஏதோ ஒரு பக்கமாவது நிக்குதுல்ல.

வைக்கோல வயல்ல விட்டா அடுத்த பயிர் மஞ்சளாகும்னு ஒரு பயம் இருக்கு, அது உண்மையான பயம்தான். வைக்கோல்ல ஒரு பங்கு தழைச்சத்துக்கு 50ல இருந்து 80 பங்கு கார்பன் இருக்கு, அதைத் திங்குற நுண்ணுயிருக்கு தழைச்சத்து பத்தாம மண்ணுல இருக்குறதை இழுத்துக்கும், பயிர் பட்டினி கெடக்கும். காவிரிப் பக்கம் அடுத்தடுத்து போகம் எடுக்குறவங்களுக்கு இது பெரிய தலைவலி. நமக்கு அந்தத் தொல்லையே கெடையாதுங்க, தைல அறுத்தா புரட்டாசி வரைக்கும் நெலம் சும்மாத்தான் கெடக்கு, ஏழு எட்டு மாசத்துல கோடை மழை ரெண்டு மூணு பேஞ்சா போதும் பாதி மக்கிடும். வானம் பாத்த பூமின்னு எத்தனையோ குறை சொல்றோம், இந்த ஒரு விசயத்துல நமக்கு வாய்ப்பு அதிகம். கொளுத்தி மட்டும் விட்டுடாதீங்க.

சித்திரை உழவு பத்தரை மாத்துத் தங்கம்னு சொல்லுவாங்க, அது சரிதான், சரிவுக்குக் குறுக்க ஒரு உழவு, கோடை மழை உள்ள எறங்கும், களை சாகும். ஆனா இப்ப நடக்குறது உழவு இல்ல, மண்ணை மாவா அரைக்குறது. ரோட்டவேட்டரை விட்டு ரெண்டு சால் மூணு சால் ஓட்டி பவுடராக்கி வெயில்ல காயப் போட்டா, கட்டிக்குள்ள பத்திரமா ஒளிஞ்சிருந்த மக்கு வெளிய வந்து நுண்ணுயிர் வாயில விழுந்து கரைஞ்சு போகுது. ஒரு தடவை கொக்கிக் கலப்பை போதுமான எடத்துல ரோட்டவேட்டரைக் கூப்பிடாதீங்க, டீசல் காசும் மிச்சம்.

ஆடு மாட்டை ராத்திரி வயல்ல அடைச்சு எரு விழ வைக்குற கிடை போடுறதைப் பத்தி சொல்லாம விட முடியாது. சிவகங்கைச் சீமைப் பக்கம் இருக்குற புலிக்குளம் மாடு கட்டுத்தறியில வளக்குற மாடு கெடையாது, கூட்டம் கூட்டமா காட்டுல மேஞ்சு ராத்திரிக்கு வயல்ல அடையுற கிடை மாடு, முக்கியமா எருவுக்காக வளத்தாங்க. ராமநாதபுரம் பக்கத்துல இருந்து ஆட்டுக் கிடையும் அறுப்பு முடிஞ்சதும் வரும். நம்ம வயல்ல வெளையாத புல்லை எங்கயோ தின்னுட்டு வந்து நம்ம வயல்ல போடுது, வெளிய இருந்து கார்பன் உள்ள வர்றதுக்கு இதை விட மலிவான வழி எனக்குத் தெரியல. சாணி புழுக்கையோட மூத்திரமும் விழுது, அதுலதான் தழைச்சத்து அதிகம். ஒண்ணே ஒண்ணு, கிடை எழுந்த மறுநாளே லேசா ஒரு உழவு ஓட்டி மூடிடணும், வெயில்ல விட்டா தழைச்சத்து அமோனியாவா ஆவியாகிடும், அந்த மூக்கைத் துளைக்குற நெடிதான் அது. மேச்சலுக்கு எடமில்லாம கிடைக்காரங்க கொறைஞ்சுக்கிட்டே வர்றாங்க, வந்தா பேரம் பேசாம போடச் சொல்லுங்க.

கிடைக்கு வழி இல்லாதவங்களுக்கு கொழிஞ்சி, வளத்து அப்படியே வயல்ல மடக்கி உழுகுற பசுந்தாள் உரச் செடி. சணப்பும் தக்கைப்பூண்டும் எல்லாரும் சொல்லுவாங்க, ஆனா அதுக்கு ஓரளவு ஈரம் வேணும். கொழிஞ்சி நம்ம சரளைக் காட்டுல தானா மொளைச்சுக் கெடக்குற செடி, ஆடு மாடு வாய் வைக்காது, வெயிலுக்கும் அசராது. வெதைத் தோலு கெட்டி, மணலோட சேத்து உரல்ல லேசா இடிச்சுட்டு ஏக்கருக்கு 8 கிலோ விதைச்சா போதும், ஒரு தடவை பிடிச்சுக்கிட்டா அடுத்தடுத்த வருசம் விழுந்த வெதையிலேயே மொளைக்கும். பூக்குறப்ப மடக்கி உழுதா தழைச்சத்து சட்டுன்னு கெடைக்கும், கொஞ்சம் முத்தவிட்டு உழுதா மெதுவா மக்கும், மக்கு கூட நிக்கும். எனக்குக் கேட்டா இந்த மண்ணுக்கு கொஞ்சம் முத்தவிடுறதுதான் நல்லது.

கண்மாய்க் கரம்பை, அதான் கண்மாய் அடியில படிஞ்ச வண்டல், இன்னொரு பெரிய வாய்ப்பு. மக்கு தனியா நிக்காது, பொடிக் களி மேல ஒட்டிக்கிட்டாத்தான் நுண்ணுயிர் கையில சிக்காம ரொம்ப நாள் தங்கும். நம்ம சரளையில களி குறைவு, எவ்வளவு குப்பை அடிச்சாலும் சீக்கிரம் தீந்து போறதுக்கு இதுவும் காரணம். நம்ம வயல்ல இருந்து மழை அடிச்சுட்டுப் போன பொடி மண்ணுதான கண்மாயில கெடக்கு, அதைத் திருப்பிக் கொண்டாந்து போட்டா போடுற எருவுக்கும் தங்க எடம் கெடைக்கும். 2024ல இருந்து தாசில்தார் மட்டத்துலயே அனுமதி குடுக்குறாங்க, மண்ணுக்குக் காசு கெடையாது, வண்டிச் செலவுதான். அள்ளுறதுக்கு முன்னாடி உப்பு இருக்கான்னு ஒரு டெஸ்ட் பண்ணிக்கங்க, எல்லாக் கண்மாய்க் கரம்பையும் ஒண்ணு கெடையாது.

எனக்கு மனசு ரொம்ப வலிக்குற எடம் ஒண்ணு இருக்கு. கானாடுகாத்தான், கொத்தமங்கலம், கோட்டையூர்னு போனா தெரு தெருவாப் பூட்டிக் கெடக்குற பெரிய வீடுக, பின்கட்டுக்கு அந்தப்பக்கம் மா, வேம்பு, புங்கைன்னு பெரிய பெரிய மரம். பங்குனியில எலை கொட்டுற கொட்டுல வீடு பாத்துக்குற ஆளு கூட்டிக் குமிச்சு தீ வச்சுடுவாரு. ரெண்டு மைல் தள்ளி வயல்ல அரை சதவீதம் மக்கு. நாங்க தெரிஞ்ச ரெண்டு மூணு வீட்டுல கேட்டு சாக்குல அள்ளிட்டு வர்றோம், ஆச்சிமாருங்க சந்தோசமாத்தான் குடுக்குறாங்க, "கொண்டு போப்பா, கொல்லை சுத்தமாகும்"னு. வேப்பெலை, புங்கெலை ரெண்டும் நல்ல தழைச்சத்து, மாவெலை மக்க நாளாகும், அதை சாணிக் கரைசல் தெளிச்சு குழியில போட்டு வச்சா சரியாயிடும். அதே மாதிரி சீமைக்கருவேலை மூட்டம் போட்டு கரி எடுத்த எடத்துல கெடக்குற கரித்தூளையும் விடாதீங்க, கரி லேசுல மக்காது, மண்ணுல எத்தனையோ வருசம் நிக்கும், கோமியத்துல ஊறவச்சு குப்பையோட கலந்து போடுங்க.

அளந்து பாக்காம எதையும் நம்பாதீங்க, நான் சொல்றதையும் சேத்துத்தான். மண்ணு எடுக்குறப்ப வரப்போரம், மரத்தடி, எருக் குமிச்சிருந்த எடம் விட்டுட்டு வயல்ல பத்துப் பதினஞ்சு எடத்துல மேலாக்க குப்பையைத் தள்ளிட்டு மம்பட்டியால அரையடிக்கு வி மாதிரி வெட்டி, ரெண்டு சரிவுலயும் மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே சீரா சுரண்டுங்க. எல்லாத்தையும் கலந்து நாலாப் பிரிச்சு எதிரெதிர் ரெண்டு பங்கைத் தள்ளி, அரைக் கிலோ மிச்சமாகுற வரைக்கும் இதையே செஞ்சு, நெழல்ல ஒலத்தி குடுங்க. உரம் போட்ட சூட்டோட எடுக்காதீங்க. வருசா வருசம் எடுத்தா வித்தியாசம் தெரியாது, மனசு விட்டுப்போகும், மூணு வருசத்துக்கு ஒருக்கா, அதே மாசத்துல, அதே வயல்ல, அதே லேப்ல. நான் மாசி கடைசில எடுக்குறேன், அறுப்பு முடிஞ்சிருக்கும், குப்பை அடிச்சிருக்க மாட்டோம்.